தேவாரத்தில் நாம் கொடுத்து எடுத்த வீடு

அப்பு,

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. பத்திரிகைக் கட்டு வந்து இறங்கிவிட்டது. நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்தாயிற்று. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று அவசரப்படுத்துவாய், நான் ஒன்று சொல்ல வந்து வேறொன்றைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா நாலு நல்ல புத்தி சொல்வது வழக்கம். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கே யாராவது புத்தி சொன்னால் தேவலை என்று இருக்கிறது. குழம்பிப் போய்த்தான் எழுதுகிறேன், நீயும் பொறுமையாகப் படி.

போன வாரம் நீ போனில் சொன்னாயே, "தேவாரத்துக்குப் பத்திரிகையத் தபால்ல போட்டு விட்ருங்கம்மா. நேர்ல போனா அவங்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்" என்று. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நம் பக்கத்தில் வெற்றிலை பாக்கோடு நேரில் போய் வைக்காத பத்திரிகையைப் பத்திரிகை என்றே யாரும் மதிப்பதில்லை. உன் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிற சிறுநீரகம் அந்த வீட்டு ஈஸ்வரி கொடுத்தது. என்னுடையது அவள் புருஷன் முத்தையா அண்ணனுக்குள் இருக்கிறது. அந்த வீட்டுக்கா தபால்? திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால், அதே எண்ணம் எனக்கும் முன்பே வந்திருந்தது. நீ வாய்விட்டுச் சொல்லிவிட்டாய், நான் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. அந்த நாட்களில் நீ வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தாய். கோயம்புத்தூரில் வேலைக்குப் போன இடத்தில் முகமும் காலும் வீங்கி நீ வந்து இறங்கியபோது, ஓட்டல் சாப்பாட்டு உப்பு என்றுதான் நினைத்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். உன் அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் அவரை அப்போதே ஒதுக்கிவிட்டார்கள். நான் முன்னால் போய் நின்றேன். பத்து மாதம் சுமந்தவளுக்கு இதெல்லாம் ஒரு காரியமா என்று எனக்கு ஒரு மிதப்பு. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நான் ஏ குரூப், நீ பி குரூப், சேராது என்றார்கள். மாற்று ஆபரேஷன் வேலைகளையெல்லாம் ஒழுங்கு செய்கிற ஒரு பெண் அங்கே இருந்தாளே, அவளிடம் சண்டைக்கே போனேன். "எம் வயித்துல கெடந்தப்ப சேந்துச்சுல்ல? இப்ப மட்டும் என்னம்மா சேராதுங்கிறீங்க?" அவள் கோபப்படாமல் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். பெற்ற பிள்ளைக்குப் பெற்றவளே பொருந்தவில்லை என்பது அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

பிறகொரு நாள் அவளே கூப்பிட்டாள். "உங்கள மாதிரியே இன்னொரு குடும்பம் இருக்கும்மா, தேவாரத்துக்காரங்க. அந்தய்யாவுக்குக் கிட்னி போயிருச்சு. அவரு ஏ குரூப்பு. குடுக்க வந்திருக்கிற அவரு சம்சாரம் பி. அவங்க வீட்டுக்குள்ள சேரல, உங்க வீட்டுக்குள்ள சேரல. மாத்திக்கிட்டா ரெண்டும் சேருது. உங்களோடது அந்தய்யாவுக்கு, அந்தம்மாவோடது உங்க மகனுக்கு." எனக்குச் சட்டென்று வாயில் வந்தது, "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிற மாதிரியா?" அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அப்படியே வச்சுக்கங்கம்மா" என்றாள். பக்கத்தில் நின்ற உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அவர் ஏன் சிரிக்கவில்லை என்பதை நாங்கள் உனக்குச் சொன்னதே இல்லை. எங்களுடையது கொடுத்து எடுத்த கல்யாணம் என்பது உனக்குத் தெரியும். அவர் தங்கையை என் அண்ணனுக்குக் கொடுத்தார்கள், என்னை அவருக்கு எடுத்தார்கள். இரண்டு தாலியும் ஒரே மேடையில், ஒரே முகூர்த்தத்தில் ஏறின. நீ கைக்குழந்தையாக இருந்தபோது ராசிங்காபுரத்தில் என் அண்ணனுக்கும் உன் அத்தைக்கும் ஆட்டுக்குட்டி விற்றதில் ஆரம்பித்து ஒரு சண்டை. அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போடிக்கு வந்துவிட்டாள். உன் அப்பாவைப் பெற்றவர் ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டார். "அங்க எம் மக வாழலன்னா இங்க அவுக மக எதுக்கு? கொண்டு போயி விட்ருடா." எனக்கும் உன் அப்பாவுக்கும் அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை குறைந்த சண்டைகூடக் கிடையாது. ஆனாலும் அவரே என்னையும் உன்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் ராசிங்காபுரத்தில் இறக்கிவிட்டார். வழியில் நிறுத்திப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியாமல் ஆளுக்கொரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் மலைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, கட்டின பெண்டாட்டியைப் பார்க்கக் களவாணி மாதிரிக் கொல்லைப்பக்கமாக வருவார். அத்தை சமாதானமாகித் திரும்பிப் போன பிறகுதான் என்னை அழைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் முறிந்தால் மறுபக்கத்தையும் முறிப்பதுதான் நியாயம் என்று ஊரே பேசியது. அது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் விளங்காமலே அது எனக்குள் ஊறிக் கிடந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அனுமதி கொடுக்கிற குழு எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேமரா முன்னால் கேட்டது. யாராவது மிரட்டினார்களா, மனசறிந்துதான் கொடுக்கிறீர்களா என்று. எல்லாம் முடிந்து நாள் குறித்தபோது, ஏன் நாலு பேரையும் ஒரே காலையில் உள்ளே கொண்டு போக வேண்டும் என்று நான் கேட்டேன். "ஒருத்தர் வாங்கினதுக்கு அப்புறம் இன்னொருத்தர் மனசு மாறிட்டா என்னம்மா செய்யிறது? அதான் ரெண்டும் ஒரே நேரம்" என்றாள் அந்தப் பெண். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒரே முகூர்த்தம்" என்றார். அதற்கு இரண்டு பேருமே சிரித்தோம், பயத்தில். ஊருக்குள் அவர்கள் என்ன ஆளுகள் என்று விசாரித்தவர்களும் இருந்தார்கள். "புருசன் ஏ குரூப்பு, பொண்டாட்டி பி குரூப்பு, கலப்புக் கல்யாணம்" என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஒன்றைச் சொன்னால் நீ என்னைக் கேலி செய்யக் கூடாது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நீ நர்சிடம் முதலில் கேட்டது "அந்தக்கா எப்படி இருக்காங்க?" என்றுதானாம். நர்சு அதைப் பெருமையாக வந்து என்னிடம் சொன்னாள். நான் வயிற்றில் தையலோடு கிடந்துகொண்டு பொறாமைப்பட்டேன். என் சதை எவருக்கோ போய்விட்டது, எவளோ கொடுத்தது என் பிள்ளைக்குள் போய்விட்டது, அவன் அவளைக் கேட்கிறான். அதே நேரத்தில் ஈஸ்வரியை எழுப்பி உட்காரவைத்துக் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் ஒருத்தி எதைச் செய்வாள்? வலிக்கிறது என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன்.

அதற்கப்புறம் வந்த பொங்கல் உனக்கு ஞாபகம் இருக்கும். கொடுத்து எடுத்த வீடாயிற்றே, முதல் பொங்கலுக்குச் சீர் கொண்டு போக வேண்டாமா என்று எனக்கு. யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு என்று உன் அப்பா கேட்டார். ஆனாலும் ஜீப்பில் கரும்பும் மஞ்சள் கொத்தும் பச்சரிசியும் ஏற்றிக்கொண்டு போனால், தேவாரத்தில் வீடு பூட்டிக் கிடந்தது. அவர்கள் கரும்போடு பஸ்சில் ஏறி நம் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் முறை வைத்தோம். அவர் எனக்கு அண்ணன், அவள் எனக்கு மதினி, நீ அவருக்கு மாப்பிள்ளை. முத்தையா அண்ணன் நம் வீட்டுக்குள் வந்ததும் முதலில் கேட்டது தண்ணீர். செம்பை வாங்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொன்னு கொண்டா தங்கச்சி" என்றார். டயாலிசிஸில் இருந்தவரையில் நாளைக்கு இவ்வளவுதான் என்று டம்ளரில் அளந்து குடித்த மனிதர். நீயும்தான் அப்படி ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு கிடந்தாய். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு குடித்ததை நானும் ஈஸ்வரியும் சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்தோம்.

ஒரு வருஷத்துக்கு மேல் எல்லாம் நன்றாகத்தான் போனது. மலையடிவாரத்துத் தோட்டத்தில் மக்காச்சோளம் போட்டு, யானை வந்தால் வெடி போட்டு விரட்டுகிற அளவுக்கு முத்தையா அண்ணன் தேறியிருந்தார். போன மழைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மதுரையில் வைத்து என்னென்னவோ மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்வரி போன் செய்தாள். "மதினி, அவருக்கு மறுபடியும் மிசினுதான்." அவ்வளவுதான் சொன்னாள். உன் அப்பாதான் போனை வாங்கி மற்றதைக் கேட்டார். அவர் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் சொன்னாராம். கெட்டுப்போனதை வெளியே எடுக்கவும் இல்லையாம், உள்ளேயே சும்மா விட்டுவிட்டார்களாம். எனக்கு அதுதான் ஆறவில்லை. புகுந்த வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் ஒரு மூலையில் கிடக்கிற மகள் மாதிரி என் சிறுநீரகம் அங்கே கிடக்கிறதே என்று நினைத்து நினைத்து அழுதேன். என் பொருள்தான் சொத்தையோ என்றும் தோன்றியது. மண்டியில் நாள் முழுக்க ஏலக்காயில் வெடித்ததையும் கறுத்ததையும் பொறுக்கிப் போடுகிறவள் நான். என்னைப் பொறுக்கிப் பார்த்தவர்கள் சரியாகப் பார்த்தார்களா?

இன்னொரு பயமும் வந்தது, அப்பு. சிரிக்காமல் கேள். அங்கே என்னுடையது வாழவில்லை என்றால், இங்கே அவர்களுடையதைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயந்தேன். நான் அவ்வளவு பெரிய மடச்சி இல்லை. ஒருவனுக்குள் வைத்ததை அப்படியெல்லாம் எடுக்க முடியாது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் வாசலில் பஸ்சு நிற்கிற சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். உன் அப்பாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜீப்பைக் கழுவப் போய்விட்டார். கடைசியில் பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கே போன் போட்டுக் கேட்டேன்.  "குடுத்தது குடுத்ததுதாம்மா. ஒருத்தருக்கு நல்லா இருந்து ஒருத்தருக்குக் கெட்டுப்போகலாம்னு முந்தியே உங்க நாலு பேர்ட்டயும் சொன்னேனே. யாரும் யாருக்கும் கடன் கிடையாது" என்றாள். சட்டப்படி அவள் சொன்னது சரி. எனக்குத்தான் அந்தச் சரி போதவில்லை. கடன் இல்லை என்றால் பின் ஏன் எனக்கு அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை? நீயும்தான் அதிலிருந்து அவர்களுக்குப் போன் செய்யவில்லை. நிச்சயத்துக்கு வந்தபோது போடி வழியாகப் போகிற தேவாரம் பஸ்சில் ஏறாமல் சுற்றிக்கொண்டு வந்தாயே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தாய்?

நேற்று நான் தனியாகப் போனேன். பத்திரிகையைப் பைக்குள் அடியில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன். முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் சும்மா பார்க்க வந்தேன் என்று திரும்பிவிடலாம் என்று எண்ணம். அண்ணன் முதல் நாள்தான் தேனிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்து கட்டிலில் சாய்ந்திருந்தார். கையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி. ஈஸ்வரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன மதினி, சொல்லாமக் கொள்ளாம?"

"இந்தப் பக்கம் ஒரு சோலி. அப்படியே பாத்துட்டுப் போவோம்னு."

"சோலியா? பைக்குள்ள வெத்தல வாடை அடிக்குது. எடுங்க வெளிய. எங்களுக்கு வைக்க இம்புட்டு ரோசனையா?"

திருடி மாதிரித் துண்டை விலக்கி எடுத்தேன். அவளே தாம்பாளம் கொண்டு வந்து கொடுத்தாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், நடுவில் பத்திரிகை. நீட்டும்போதுதான் உறைத்தது, அந்தத் தட்டில் இருக்கிற பழத்தையும் தேங்காயையும் டயாலிசிஸில் இருக்கிற அவர் வாயில் வைக்கக் கூடாது. அண்ணன் ஒரு பழத்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்தார். "எனக்கும் இதுக்கும் இப்பப் பேச்சுவார்த்த இல்ல தங்கச்சி" என்று சிரித்தார்.  எதையெல்லாம் பேசக் கூடாது என்று பஸ்சில் நினைத்துக்கொண்டு போனேனோ, அதையே பேசிவிட்டேன்.

"அண்ணே, ஒங்க பொருளு எங்க வீட்டுல நல்லா ஒழைக்குது. எங்க பொருளு ஒங்களுக்கு ஒழைக்கல. இத எப்படி எடுத்துக்கிறதுன்னு எனக்குத் தெரியலண்ணே."

"ஒழைக்கலன்னு யாரு சொன்னது?" என்று அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஒரு வருசத்துக்கு மேல தண்ணி குடிச்சேன் ஆத்தா. யானைய வெரட்டிட்டு வந்து மோட்டார்க் கொழாய்ல வாய வச்சு வகுறு முட்டக் குடிச்சேன். அது யாரு குடுத்தது? இப்ப இல்லைங்கிறதுக்காக அப்பக் குடிச்சது இல்லன்னு ஆயிருமா?"

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஈஸ்வரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபமா ஆசையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. "கல்யாணத்துக்கு வர்றோம் மதினி, வராம இருப்போமா? ஆனா அதுக்கு முந்தி ஒங்க மகன இங்க ஒருக்கா வரச் சொல்லுங்க. எங்க வீட்டுல, எங் கண்ணு முன்னால, ஒரு செம்புத் தண்ணி குடிக்கணும். நாங் குடுத்தது ஓடுறத நாம் பாக்கணும்ல?"

"அண்ணன் முன்னாலயா?" என்று கேட்டேன்.

"எம் முன்னாலதான்" என்றார் அவர். "அவள நான்தான் கேக்கச் சொன்னேன்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். தாகத்தில் இருக்கிற ஒரு மனிதர், அடுத்தவன் வயிறு நிறையக் குடிப்பதைப் பார்க்க வேண்டும் என்கிறார். இது அன்பா, மனசுக்குள் இருக்கிற ஒரு வைராக்கியமா, அவளுக்காகக் கேட்கிறாரா, தனக்காகவா? பஸ்சில் வரும்போது யோசித்தேன், இப்போது இதை எழுதும்போதும் யோசிக்கிறேன், பிடிபடவில்லை. நம் வீட்டுக்கு வரப்போகிற சுதாவிடம் நீ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இந்தக் கடிதத்தில் எழுத நினைத்திருந்தேன். அவள் ஒன்று செய்தால் பதிலுக்கு நீ ஒன்று செய்து சரிக்குச் சரி பார்க்காதே என்று ஒரு வரி மனசில் வைத்திருந்தேன். ஆனால் சரிக்குச் சரி பார்க்காமல் ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியவில்லையே, நான் யாருக்குச் சொல்வது? அதை விடு. உங்கள் இரண்டு பேருக்குள் நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

இதை மட்டும் செய். வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. நானும் வருகிறேன், ஆனால் வீட்டுக்குள் நீதான் முதலில் போக வேண்டும். பழம், இனிப்பு என்று எதையும் வாங்கிக்கொண்டு போகாதே. மன்னிப்பும் கேட்காதே, அண்ணனுக்குக் கோபம் வரும். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தால் அவர் கையைப் பார், ஆனால் தலையைக் குனிந்துகொண்டு குடிக்காதே. ஈஸ்வரி பெரிய செம்பாகத்தான் எடுப்பாள், பாதியில் வைத்துவிடாதே. டாக்டர் சொன்னதற்காக நீ எங்கே போனாலும் கையில் தூக்கிக்கொண்டு போகிற தண்ணீர் பாட்டிலை அன்றைக்கு நம் வீட்டிலேயே வைத்துவிட்டு வா. போடியிலிருந்து தேவாரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது, டாக்டர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். வழியில் ஒரு வாய்கூடக் குடித்துவிடாதே, அப்பு. தாகத்தோடு போ.

உன் அம்மா